ஏழு பேர், ஆறு கடப்பிதழ்

நண்பர்கள் சேர்ந்து போடும் பயணத் திட்டங்களில் முக்கால்வாசி வாட்சாப்பிலேயே செத்துப்போகும். யாராவது ஒருவர் இரவு பதினொன்றரைக்கு ஒரு கடற்கரைப் படத்தைப் போட்டு "போலாமா?" என்பார். எல்லாரும் கட்டைவிரலைத் தூக்குவார்கள். தேதி என்று வந்ததும் ஒருவருக்கு ஷிப்ட் மாற்ற முடியாது, ஒருவருக்கு அக்கா வீட்டுக் கல்யாணம், இன்னொருவர் மூன்று நாளாகச் செய்தியைப் படித்துவிட்டுப் பதிலே போடமாட்டார். எங்கள் குழுவில் இப்படிக் கேமரன் மலை இரண்டு முறையும் லங்காவி ஒரு முறையும் செத்திருக்கின்றன.

ஹாட்யாய் மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டது. 2025 மே இறுதிப் பள்ளி விடுமுறை, ஏழு பேர், இரண்டு கார். நம் ஊரில் கோடை என்று தனியாக ஒன்று கிடையாது. வருடம் முழுக்க வெயில்தான். பள்ளி விடுமுறை வந்தால் அதுதான் நமக்குக் கோடை. குழுவில் இரண்டு பேர் ஆசிரியர்கள் என்பதால் அதை விட்டால் எங்களுக்கு வேறு தேதியும் இல்லை. ஐந்து பேர் கிள்ளானில் ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். மற்ற இருவர் வேலை செய்யும் இடத்தில் பழக்கமாகி, மாமாக் கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து குழுவுக்குள் வந்தவர்கள். ஹாட்யாய் யோசனை அந்த இருவருடையது.

கோலாலம்பூரிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் ஐந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. எல்லை தாண்டி ஹாட்யாய் இன்னும் ஓர் அறுபது கிலோமீட்டர். அங்கிருந்து சொங்க்லா கடற்கரை. வழியில் கடைச் சாப்பாடு வேண்டாம், கட்டிக்கொண்டு போய் எங்கேயாவது மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிடலாம் என்பது ஆசிரியைத் தோழியின் கண்டிப்பான உத்தரவு. அவர் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுவது போலத்தான் எங்களிடமும் பேசுவார். நாங்களும் அப்படித்தான் நடந்துகொள்வோம்.

பொறியியல் படித்த ஒரே குற்றத்துக்காக எக்செல் என் தலையில் விழுந்தது. நான்கு பக்கம் போட்டேன். செலவு, சாப்பாடு, கார், ஆவணம். முதல் இரண்டும் ஒரே இரவில் நிரம்பின. யார் புளிச்சோறு, யார் வறுத்த மீகூன், யார் சம்பால், ஐஸ் பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்பதில் நம் ஆட்களுக்கு ஒரு குழப்பமும் வராது. குழப்பமெல்லாம் மூன்றாவது, நான்காவது பக்கத்தில்தான்.

மலேசியக் காரைத் தாய்லாந்துக்குள் ஓட்டிப் போகக் கடப்பிதழ் மட்டும் போதாது. காரின் கிரான் வேண்டும். கார் அப்பா பெயரிலோ அண்ணன் பெயரிலோ இருந்தால் அவரிடம் அனுமதிக் கடிதம் வேண்டும். நம் காப்புறுதி அந்தப் பக்கம் செல்லாது, தாய்லாந்துக் காப்புறுதி தனியாக எடுக்க வேண்டும். காரைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவருவதாகவும், திருப்பி எடுத்துப் போய்விடுவதாகவும் சுங்கத்திடம் எழுதித் தர வேண்டும். ஆட்களுக்கு 2025 மே 1 முதல் மின்னியல் வருகை அட்டை வந்துவிட்டது. போவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். பார்க்க நிறையப் போலத் தோன்றினாலும் எல்லாம் செய்யக்கூடிய வேலைகள். கடப்பிதழ் காலாவதியாகியிருந்தால் இருநூறு வெள்ளியோடு போனால் புதிதாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஐந்தாண்டு ஆயுள்.

ஆவணம் பக்கத்தில் மூன்று கட்டம் வைத்திருந்தேன். பெயர், கடப்பிதழ் எண், காலாவதித் தேதி. இரண்டு நாளில் ஆறு வரிசை நிரம்பின. ஏழாவது காலியாக இருந்தது.

அது காலியாகத்தான் இருக்கும் என்பது பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளான எங்களுக்குத் தெரியும். ஹாட்யாய் என்றதும் முதலில் கட்டைவிரல் தூக்கியவனே அவன்தான் என்பதும் தெரியும். அது அவன் பழக்கம். முதலில் வருகிறேன் என்பான், காரையெல்லாம் தன் பட்டறைக்குக் கொண்டுவரச் சொல்லி எண்ணெய் மாற்றி, பிரேக் பார்த்து, டயரைத் தட்டிப் பார்த்து அனுப்புவான். புறப்படும் நாளுக்கு முந்தின இரவு "முதலாளி லீவு தரலடா" என்று ஒரு செய்தி வரும். ஆறாம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சுற்றுலா போனபோதும் அவனுக்கு மட்டும் காய்ச்சல் வந்தது. அப்போது எங்களுக்குப் பன்னிரண்டு வயது. அவன் காய்ச்சலை நாங்கள் நம்பினோம்.

இந்த முறை முந்தின இரவு வரை போகவில்லை. புதிய நண்பர்களில் ஒருவர் விவரம் தெரியாமல் குழுவிலேயே கேட்டுவிட்டார். "ஏழாவது ஆளு யாருலா? பாஸ்போர்ட் நம்பர் இன்னும் வரல."

பத்து நிமிடம் யாரும் எதுவும் எழுதவில்லை. பிறகு அவனே எழுதினான். "நான்தான் ப்ரோ. எனக்குப் பாஸ்போர்ட் இல்ல. என் ஐ.சி. பச்சை."

"பச்சையா? சிவப்புன்னு கேள்விப்பட்டிருக்கேன்."

நீல அடையாள அட்டை குடிமக்களுக்கு. சிவப்பு, நிரந்தர வசிப்பிடத் தகுதி உள்ளவர்களுக்கு. பச்சை, தற்காலிகமாகத் தங்கியிருப்பவர்களுக்கு. அதன் ஆயுளும் கடப்பிதழைப் போல ஐந்தாண்டுதான். பிறகு புதுப்பிக்க வேண்டும். கிள்ளானில் பிறந்து, கிள்ளானில் படித்து, இருபத்தெட்டு வருடமாகக் கிள்ளானை விட்டு எங்கேயும் குடிபோகாத ஒருவன் இந்த நாட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறான் என்பதை அந்தப் புதிய நண்பருக்கு விளக்க எனக்கு ஒரு தே தாரேக் முழுதும் தேவைப்பட்டது.

இங்கே வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கதை சொந்தத்திலோ அக்கம்பக்கத்திலோ தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவன் அப்பாவுக்கு நீல ஐ.சி. அம்மா ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மெர்டேக்காவிலிருந்து 1962 அக்டோபருக்கு முன்பு வரை இந்த மண்ணில் பிறந்தாலே குடிமகன் என்பது சட்டம். பிறகு பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தர வசிப்பிடத் தகுதி பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்று மாறியது. அம்மா அதற்குப் பிறகு பிறந்தவர். அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. பிறப்புப் பத்திரம் இல்லாததால் ஐ.சி. கிடைக்கவில்லை. ஐ.சி. இல்லாததால், கோயிலில் தாலி கட்டிய கல்யாணத்தைப் பதிய முடியவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவை வைத்தே குடியுரிமை பார்க்கப்படும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை. அம்மாவிடம் ஒன்றுமில்லை. ஆகவே பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிறது, அப்பாவின் நீல ஐ.சி. எண் இருக்கிறது, அதற்குக் கீழே 'புக்கான் வார்காநெகாரா' என்றும் இருக்கிறது.

இங்கே பிறந்து வேறு எந்த நாட்டுக் குடியுரிமையும் பெறாதவர் இந்நாட்டுக் குடிமகன் என்று அதே அட்டவணையில் இன்னொரு விதியும் உண்டு. ஆனால் வேறு எந்த நாடும் தன்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதை ஒருவன் எப்படி நிரூபிப்பான்? வாங்காத சாமானுக்கு ரசீது கேட்பது போன்ற வேலை அது. அப்போது இருபத்தொரு வயதுக்கு உட்பட்டவர்களுக்காக இருந்த 15ஏ பிரிவில் அவனுக்காக இரண்டு முறை விண்ணப்பித்தார்கள். இரண்டு முறையும் காரணம் சொல்லாமல் ஒரே தாளில் மறுப்பு வந்தது. இருபத்தொன்று தாண்டியதும் அந்தக் கதவு மூடிக்கொண்டது. எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழியில் என்னைவிட நல்ல புள்ளி எடுத்தவன். குடிமகன் என்பதால் எனக்குப் படிப்புக் கடனும் உள்ளூர்ப் பல்கலைக்கழகமும் கிடைத்தன. அவன் பட்டறைக்குப் போனான்.

குழுவில் அன்றிரவு யோசனைகள் வந்து குவிந்தன. எல்லாம் அன்பில் வந்தவைதான். முதல் யோசனை: அவன் எல்லை வரை வரட்டும், சங்லூனில் ஒரு ஹோட்டலில் தங்கட்டும், நாம் ஒரே நாளில் போய்த் திரும்பிவிடலாம். அதாவது ஆறு பேர் ஊர் சுற்றும்போது அவன் அறையில் டிவி பார்ப்பான். இரண்டாவது: எல்லையோர மாநிலக்காரர்கள் கடப்பிதழ் இல்லாமல் எல்லைப் பாஸில் போகிறார்களே, அதை எடுத்தால் என்ன? அதுவும் குடிமக்களுக்குத்தான். மூன்றாவது யோசனையை ஒருவன் குரல் பதிவில் தாழ்ந்த குரலில் சொன்னான். "அங்க எலிப் பாதைன்னு ஒன்னு இருக்காம். காசு குடுத்தா..."

அவன் முடிக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. "மச்சான், நீ மாட்டுனா ஃபைன் கட்டிட்டு வீட்டுக்கு வந்துருவ. என்னைப் பிடிச்சா எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவான்? சொல்லு."

யாராலும் சொல்ல முடியவில்லை.

கடைசியில் ஆசிரியைத் தோழி எழுதினார். "அப்படின்னா தாய்லாந்தே வேணாம். எல்லாரும் போற இடத்துக்குப் போவோம். பேச்சு முடிஞ்சிச்சு." எல்லாரும் கட்டைவிரல் தூக்கினோம். பிரச்சினை தீர்ந்தது போலத்தான் இருந்தது. அவன் மட்டும் தூக்கவில்லை. மறுநாள் காலையில் மூன்று நிமிடக் குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் பட்டறையில் யாரோ போல்ட்டுக் கழற்றும் சத்தம். அதில் ஒரு பகுதியை அவன் அனுமதியோடு எழுதுகிறேன்.

"எனக்காக ஒருத்தரும் விட்டுக்கொடுக்க வேணாம்டா. இந்தத் தடவ ஹாட்யாய் போச்சு. அடுத்த தடவ பாலி. அதுவும் போகும். ரெண்டு மூனு தடவ என்னால கேன்சல் ஆனா, நாலாவது தடவ என்னைக் கூப்புடறதுக்கு முன்னால நீங்களே யோசிப்பீங்க. யோசிக்க மாட்டோம்னு சொல்லாதீங்க. மனுசங்க அப்படித்தான். நான் எதுவரைக்கும் வர முடியுமோ அதுவரைக்கும் என்னைத் திட்டத்துல போடுங்க. அதுக்கு மேல நீங்க போங்க. ஆனா நான் டிவி பாத்துக்கிட்டு ஹோட்டல்ல உக்காந்திருக்க மாட்டேன். எனக்கும் அன்னைக்கு ஒரு வேலை இருக்கணும்."

இதை நான் பலமுறை கேட்டேன். விட்டுவிட்டுப் போவது, அவனுக்காக எல்லாரும் தியாகம் செய்வது என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு நாங்கள் முட்டிக்கொண்டிருந்தோம். இரண்டிலும் அவன் ஒரு தடங்கல். அவன் கேட்டது மூன்றாவது வழி. தன் எல்லை எங்கே இருக்கிறதோ அதையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போடுங்கள் என்றான். பொறியியலில் இது அன்றாட வேலை. பாலம் கட்டும்போது ஆற்றைத் தடங்கல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆறு இருப்பதால்தான் பாலத்தின் வரைபடமே தொடங்குகிறது.

எக்செல்லை அழித்து மறுபடி போட்டோம். இம்முறை அவனும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஹாட்யாயிலிருந்து தொடங்காமல் பெர்லிஸிலிருந்து தொடங்கினோம். மூன்று நாளும் கங்காரில் தங்குவது. இரண்டாம் நாள் மட்டும் பிரிவது. போக விரும்புகிறவர்கள் பாடாங் பெசாரிலிருந்து ரயிலில் ஹாட்யாய் போய் அன்றே திரும்புவது. ரயில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். மற்றவர்கள் காக்கி புக்கிட் குகை, வாங் கெலியான் மலைச்சாலை. சாயங்காலம் எல்லாரும் தீமா தாசோ ஏரிக்கரையில் சேர்ந்து சாப்பிடுவது. மூன்றாம் நாள் கோல பெர்லிஸில் லக்சா, பிறகு வீடு. சொங்க்லா கடற்கரை போனது. ஆனால் கார்கள் எல்லை தாண்டத் தேவையில்லாததால் கிரான், காப்புறுதி, சுங்கப் படிவம் என்று கார் பக்கம் முழுதும் காணாமல்போனது. அத்தனை வேலை மிச்சம். நான்கு பேர் ஹாட்யாய் போவதென்றும், அவனும் ஆசிரியைத் தோழியும் நானும் இந்தப் பக்கம் தங்குவதென்றும் முடிவானது. நான் தங்கியதில் தியாகம் ஒன்றுமில்லை. அடுப்பும் சாமானும் என் காரில் இருந்தன. ஹாட்யாய் நான் பார்த்த ஊர். பெர்லிஸ் பார்த்ததில்லை.

புறப்படும் அன்று விடியற்காலை அவன் வீட்டு வாசலில் புளிச்சோற்றுப் பாத்திரம் தயாராக இருந்தது. அவன் அம்மா வாழையிலையை வாட்டி மேலே மூடியிருந்தார். கூடவே நெத்திலி வறுவல், அவித்த முட்டை, ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாய். எல்லாவற்றையும் காரில் ஏற்றிய பிறகு மகனிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "ஐ.சி.ய துணிப்பைல வைக்காத சாமி. சட்டப்பைலயே வெச்சுக்க." பிறகு என்னிடம் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்தார். அவன் பிறப்புப் பத்திரத்தின் நகலும் அப்பாவுடைய ஐ.சி. நகலும் இருந்தன. "நீ வெச்சுக்க தம்பி. அவன் வெச்சிருந்தா அவசரத்துல தேட மாட்டான்."

தாப்பா தாண்டி, ஈப்போ தாண்டி, குனோங் ஜெராய் இடது பக்கம் தெரிய ஆரம்பித்ததும் பசி எடுத்தது. குருணில் ஓய்வுப் பகுதியின் ஓரத்தில் ஒரு மரத்தடியில் பாய் விரித்தோம். புளிச்சோறு அங்கேயே பாதி காலி. நெடுஞ்சாலையில் போகும் லோரிகளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. அவை ஏதோ வேலையாகப் போகின்றன, நாம் மட்டும் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறோம்.

பெர்லிஸ் நாட்டின் மிகச் சிறிய மாநிலம். நெல்வயலும் நடுவில் திடீரென்று எழும் சுண்ணாம்புக்கல் குன்றுகளும்தான் எங்கே பார்த்தாலும். நாட்டிலேயே பதிவான மிக அதிக வெப்பம், 40.1 பாகை, 1998 ஏப்ரலில் இங்கே சூப்பிங்கில்தான். நாங்கள் போனபோது ஹருமானிஸ் மாம்பழக் காலம். வெயிலும் மாம்பழ வாசனையும் சேர்ந்து காருக்குள் வந்தன.

இரண்டாம் நாள் காலை பாடாங் பெசாருக்குப் போகும் வழியில் சாலைத் தடுப்பு. எல்லைப் பக்கம் அது சாதாரணம். அதிகாரி குனிந்து ஐ.சி.களைக் கேட்டார். என் காரில் மூன்று நீலமும் ஒரு பச்சையும். பச்சையைப் புரட்டிப் பார்த்தவர் பின்னிருக்கையைப் பார்த்தார். "ஓராங் மானா?"

"கிளாங், துவான்."

அதிகாரி அட்டையை இன்னொரு முறை பார்த்தார். என் கை பிளாஸ்டிக் உறைக்குப் போனது. அவர் கேட்கவில்லை. நான்கையும் திருப்பிக் கொடுத்து, கவனமாக ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டார். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. கண்ணாடியை ஏற்றியதும் அவன் சொன்னான். "பாத்தியா, நான்தான் முதல்ல பார்டர் கிராஸ் பண்ணிருக்கேன்." எல்லாரும் சிரித்தோம். அவன் சட்டைப்பைப் பொத்தானை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

பாடாங் பெசார் நிலையம் விசித்திரமான இடம். நிலையம் இருப்பது மலேசிய மண்ணில். ஆனால் இரண்டு நாட்டுக் குடிநுழைவு முகப்புகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. இந்த முகப்பில் மலேசியாவை விட்டு வெளியேறி, சில அடிகள் நடந்து அந்த முகப்பில் தாய்லாந்துக்குள் நுழைகிறோம். எல்லாம் ஒரே தளத்தில். எல்லைக்கு அந்தப் பக்கமும் ஊர் பெயர் பாடாங் பெசார்தான். 1909-இல் பிரிட்டனும் சயாமும் பாங்காக்கில் ஒப்பந்தம் போட்டு, பெர்லிஸ், கெடா, கிளந்தான், திரெங்கானுவை இந்தப் பக்கமும் சாத்தூனை அந்தப் பக்கமும் பிரித்துக்கொண்டன. அன்று கோடு கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் நாங்கள் ஹருமானிஸ் வாங்கிய கிழவி தாய்லாந்துக்காரியாக இருந்திருப்பார். 1943-இல் ஜப்பானியர்கள் அந்த நான்கு மாநிலங்களையும் சயாமிடம் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் கோடு பழைய இடத்துக்குத் திரும்பியது.

நால்வரையும் வழியனுப்பிவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். 1918-இல் இரு நாட்டு ரயில் பாதைகளும் இணைந்தது இந்த ஊரில்தான். இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, சயாம் பர்மா மரண ரயில் பாதை போடத் தோட்டத்துத் தமிழர்கள் பல்லாயிரம் பேரைச் சாமான் பெட்டிகளில் அடைத்து வடக்கே பான் போங் வரை கொண்டுபோனார்கள். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் போனவர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. அவர்களில் யாரிடமும் கடப்பிதழ் இருந்திருக்காது. யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது எல்லைக் கதவு தானே திறந்துகொண்டது. அவனும் அதைத்தான் நினைத்தானோ என்னவோ, "எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தரு சயாமுக்குப் போனவருதான். வரல" என்று மட்டும் சொன்னான்.

காக்கி புக்கிட்டில் குவா கெலாம். ஈயச் சுரங்கக் காலத்துக் குகைவழியில் இப்போது மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். 370 மீட்டர் நடந்தால் மலையின் அந்தப் பக்கம் வெளிச்சம். உள்ளே குளிர்ச்சி. அங்கிருந்து மலைச்சாலையில் வாங் கெலியான். முன்பு அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும். எல்லைக்கு இரு பக்கமும் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் வரை கடப்பிதழ் இல்லாமலே போய் வரலாம். 2015 ஏப்ரல் 1 முதல் அது நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் அந்த மலைக்காட்டில் ஆள் கடத்தல் முகாம்களையும் 139 புதைகுழிகளையும் கண்டுபிடித்ததாகப் போலீஸ் அறிவித்தது. அங்கே அடைக்கப்பட்டவர்கள் ரோஹிங்கியாக்களும் வங்காளதேசிகளும். அவர்களில் ரோஹிங்கியாக்களை எந்த நாடும் தன் ஆள் என்று சொல்லவில்லை. நாங்கள் போன அன்று சாலை வெறிச்சோடி இருந்தது. அவன் சாவடி வரை வரவில்லை. "இங்கேருந்தே தெரியுதுடா" என்று ஒரு கடையில் தே ஐஸ் வாங்கி உட்கார்ந்தான். நாங்களும் உட்கார்ந்தோம். மலை இரண்டு பக்கமும் ஒரே பச்சையாக இருந்தது.

ஹாட்யாய் கோஷ்டியிடமிருந்து செய்தி வந்தது. "மூனு மணிக்கு ஸ்டேஷன்ல இருப்போம்." ஏரிக்கரையில் சாமானை இறக்கி வைத்துவிட்டு நானும் இன்னொரு காரோடு அவனும் நிலையத்துக்குப் போனோம் என்று எழுத ஆசைதான், ஆனால் போனது நானும் தோழியும். மூன்று மணிக்கு நிலையத்தில் ஈ ஆடவில்லை. மூன்றரைக்கும் இல்லை. பிறகுதான் உறைத்தது. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னால். 1982-இல் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்ததிலிருந்து அப்படித்தான். ஒரே வெயில், ஒரே தண்டவாளம், இரண்டு மணி. நான்கு மணிக்கு ரயில் வந்தது. நால்வரும் முந்திரியும் காய்ந்த கணவாயும் டோம் யாம் கலவையுமாகப் பை நிறைய இறங்கினார்கள்.

தீமா தாசோ ஏரி என்று பெயர்தானே தவிர, அது அணை கட்டித் தேக்கிய நீர். தூரத்தில் குன்றுகள், குன்றுகளுக்குப் பின்னால் தாய்லாந்து. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் அடுப்பு மூட்டி, கோழிக்கு மசாலா தடவி வைத்து, கங்கு சரியான பதத்தில் இருந்தது. முதல் நாள் அவன் கேட்ட வேலை அதுதான். ஹாட்யாய் போனவர்களுக்குச் சொல்ல நிறையக் கதை இருந்தது. சந்தையில் பேரம் பேசியது, துக் துக்கில் வழி தவறியது. அவனுக்கும் கதை இருந்தது. குகைக்குள் பார்த்த பழைய சுரங்கக் குழாய்களைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினான். ஒருவன் கைப்பேசியை நீட்டி, "ஒனக்குன்னே ரெக்கார்ட் பண்ணேன்" என்றான். தாய்லாந்து ரயில் இன்ஜின் சத்தம். இரண்டு நிமிடம். அவன் காதில் வைத்து முழுதும் கேட்டுவிட்டு, "டீசல்தான். ஆனா ஒரு சிலிண்டர் சரியில்ல" என்றான். அவன் அம்மாவின் ஊறுகாய் அன்றிரவே தீர்ந்தது.

திரும்பி வந்து சில மாதம் ஆகிறது. அவனுடைய புதிய விண்ணப்பம் ஒன்று உள்ளே இருக்கிறது. அதைப் பற்றி அவன் அதிகம் பேசுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. எனக்குப் புரிந்த ஒன்றை மட்டும், கூட்டமாகப் பயணம் போகிறவர்களுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு ஆட்களிடம் ஆவணம் கேட்டால், கொடுக்க முடியாதவன் எல்லார் முன்னாலும் பொய் சொல்ல வேண்டிவரும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டிவரும். இரண்டுமே கொடுமை. முதலில் தனித்தனியாகக் கேளுங்கள். யாரால் எதுவரை வர முடியும் என்று தெரிந்த பிறகு வரைபடத்தைத் திறங்கள். நம் கூட்டத்தில் நமக்குத் தெரியாமல் சிவப்போ பச்சையோ, அட்டையே இல்லாமலோ ஒருவர் இருக்கலாம். அவர் முந்தின இரவு சொல்லும் காய்ச்சலும் முதலாளி கதையும் உங்களுக்கும் பழக்கமானதாக இருக்கலாம்.

போன வாரம் குழுவில் புதிய எக்செல் ஒன்று வந்து விழுந்தது. இந்த முறை போட்டவன் அவன். நான்கே பக்கம், என்னுடையதைப் போலவே. ஆனால் வரிசை மாறியிருந்தது. 'யார் யார்' முதலில். அடுத்தது 'சாப்பாடு'. 'இடம்' கடைசிப் பக்கம். அது இன்னும் காலியாக இருக்கிறது. புளிச்சோறு என்ற கட்டத்துக்கு நேரே மட்டும் அவன் அம்மா பெயரை எழுதிப் பூட்டு போட்டு வைத்திருக்கிறான், யாராலும் மாற்ற முடியாதபடி.